இரண்டாவது அடுப்பு

“ஒரு ஊட்டுல ரெண்டு பொகை எந்திரிச்சா…” என்று அப்பா ஏதோ சொல்லுவார். மிச்சம் செங்கோடனுக்கு நினைவில்லை. ‘ஊரு சிரிக்கும்’ என்று முடியுமா, ‘உறவு கரியும்’ என்று முடியுமா? எப்படி முடிந்தாலும் சரி, சாகக் கிடந்த அப்பாவின் கையைப் பிடித்து, “அடுப்பைப் பிரிக்க மாட்டேனுங்கப்பா” என்று வாக்குக் கொடுத்தவர் அவர்தான்.

பதினொரு வருடமாக அந்த வாக்குக்குப் பழுதில்லை. திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீடு. அண்ணன் செங்கோடன், தம்பி வையாபுரி, இருவரின் மனைவி மக்கள், எல்லாருக்கும் ஒரே உலை, ஒரே குடும்ப அட்டை. அட்டையில் குடும்பத் தலைவர் செங்கோடன்.

அந்த அட்டையின் பேரில்தான் அரசுக் காப்பீடு. செங்கோடனின் ஆறு வயது மகன் கவினுக்கு இதயத்தில் ஓட்டை. நாலு படி ஏறினால் உதடு நீலம் பாரித்துவிடும். போர்வெல் லாரி ஓட்டும் செங்கோடனின் சம்பளத்துக்கு எட்டாத வைத்தியம். காப்பீட்டில் அதற்கு அனுமதி வந்துவிட்டது. அடுத்த மாதம் அறுவை. அனுமதி வந்த அன்றைக்குச் செங்கோடன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதார்.

அதற்கடுத்த வாரம், தம்பி மகள் துளசிக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. மூன்று வயது நிறைய இரண்டு மாதம் இருந்தது. உள்ளே கருவி பொருத்தினால் கேட்கும், பேச்சும் வரும். தள்ளத் தள்ளப் பலன் குறையும் என்றார் டாக்டர். ஆனால் ஓர் அட்டைக்கு ஓராண்டுக்கு இவ்வளவுதான் என்று அந்தக் காப்பீட்டில் ஒரு வரம்பு. கவினுக்கே அது தீர்ந்துவிடும். புது ஆண்டுக்கு இன்னும் ஒன்பது மாதம்.

“தனி அட்டை இருந்தா இப்பவே எழுதிடலாங்க,” என்றாள் காப்பீட்டுப் பிரிவுப் பெண். அதற்குத் தம்பி குடும்பத்தின் பெயர்களை நீக்கச் சம்மதித்துத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் தனிச் சமையல் நடக்கிறதா என்று ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். திங்கட்கிழமைக்குள் விண்ணப்பம் கொடுத்தால் துளசிக்கு அறுவைப் பட்டியலில் இடம் உண்டு.

ஞாயிறு மத்தியானம் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

“ஒம்பது மாசந்தானே, பொறுத்துக்கலாம்,” என்றார் செங்கோடன். தட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

அவர் மனைவி பாவாயிக்கு வேறு எண்ணம். “எதுக்குங்க இத்தனை ரோசனை? ஆய்வாளர் வர்ற அன்னைக்குப் பின்னால தாழ்வாரத்துல ஒரு அடுப்பைப் பத்தவெச்சுக் காட்டுவோம். அவரு போனதும் அணைச்சுப்போட்டாப் போச்சு. மேல போன மாமா மோந்தா பாக்கப் போறாரு?”

வையாபுரி சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டான். அண்ணன் முன்னால் அவன் வாய் திறப்பதில்லை.

அவன் மனைவி கோகிலாதான் பேசினாள். “பொய் சொல்லி வாங்குன காது எதைக் கேக்குங்க மாமா? நாங்க நெசமாவே தனியா ஒல வெச்சுக்கறோம். பாவம் எம்மேலயே இருக்கட்டும். கையெழுத்து மட்டும் போடுங்க.”

அந்த நேரம் பாவாயி கையிலிருந்து குண்டா நழுவி விழுந்தது. கவின் பதறி எழுந்தான். குண்டா விழுந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த துளசி, பருக்கை பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வாக்கைக் காத்துப் பொறுக்கச் சொன்ன செங்கோடனா, அரை நாளைக்கு அடுப்பு மூட்டச் சொன்ன பாவாயியா, நிஜமாகவே பிரிவோம் என்ற கோகிலாவா? யார் பக்கம் நியாயம்?

விடை: பாவாயி வழியில் காது கிடைக்கலாம். ஆனால் எவனாவது ஒரு மொட்டைக் கடுதாசி போட்டால் இரண்டு பிள்ளைகளும் வெளியே நிற்க வேண்டியதுதான். செங்கோடனின் வாக்கு லேசானதல்ல. ஆனால் அவர் மகனுக்கு அனுமதி கிடைத்தாயிற்று. அப்பன் கையைப் பிடித்தது அவர், ஒன்பது மாதம் தவிக்கப்போவது தம்பி குழந்தை. இன்னொருவர் பிள்ளையைத் தவிக்கவிட்டுத் தன் வாக்கைக் காப்பாற்ற யாருக்கும் உரிமையில்லை. கோகிலா சொன்னதே சரி.

திங்கள் காலை பத்தரைக்கு, மூன்று பெயர்களையும் நீக்கச் சம்மதித்துச் செங்கோடன் கையெழுத்துப் போட்டார். திரும்பும் வழியில் ஓர் அடுப்பு வாங்கினார். ஆய்வாளர் வந்துபோன மறுநாளும் அதில் தனியாகவே சமைக்கச் சொன்னார்.