தம் கட்டிய கீரி

ஏணிமலை என்று ஒரு நகரம். மிருகங்களும் பறவைகளும் கூடிக் கட்டிய நகரம். அங்கே சமதரை என்றால் அடிவாரத்துக் குளக்கரை மட்டும்தான். மீதி எல்லாம் மேடு. சந்தைக்குப் போனாலும் மேடு, சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் மேடு. குரங்குகளுக்குக் கவலை இல்லை, தாவிக்கொள்ளும். காகங்களுக்கும் கவலை இல்லை, பறந்துகொள்ளும். மற்றவர்களுக்கு சைக்கிள்தான் கதி.

குளக்கரையில் பேச்சி என்ற கீரி குடியிருந்தாள். அவளுடைய அண்ணன் வேலாண்டி மலை உச்சியில் குடியிருந்தான். முன்பெல்லாம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வளை. இரண்டு வாசலும் ஒரே ஆவாரஞ்செடியின் கீழே இருந்தன. போன மழையில் குளம் உடைத்துக்கொண்டு வந்து அண்ணனின் வளையைக் கரைத்துவிட்டது.

"உச்சிக்குத் தண்ணி ஏறாது தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, மதினியைக் கூட்டிக்கொண்டு அவன் மேலே போய்விட்டான்.

அன்று முதல் சாயங்காலம் ஆனால் பேச்சி வாசலில் வந்து நிற்பாள். உச்சியில் ஒரு வெள்ளைப்பாறை உண்டு. அதன் மேல் அண்ணன் வந்து நிற்பான். கீழிருந்து பார்த்தால் சுண்டைக்காய் அளவுதான் தெரியும். பேச்சி வாலை ஆட்டுவாள். அவனும் ஆட்டுகிறானா, இல்லை பக்கத்தில் புல்தான் ஆடுகிறதா என்று கண்டுபிடிக்க முடியாது.

'அண்ணா!' என்று ஒரு சத்தம் போடலாமா என்று வாய் வரைக்கும் வரும். 'அவ்வளவு உயரத்துக்கு எங்கே கேட்கப் போகுது!' என்று நினைத்து அப்படியே விழுங்கிவிடுவாள். பிறகு உள்ளே போய், பால் குடிக்கும் தன் குட்டிகளை அணைத்துக்கொண்டு படுப்பாள்.

ஒரு நாள் காலையில் காகம் பறந்து வந்தது.

"பேச்சி! பேச்சி! உன் மதினிக்குப் பெண் குட்டி பிறந்திருக்கு!"

"அய்யோ, என் அண்ணன் மகளா! எப்படி இருக்கா? யாரைப் போல இருக்கா?"

"கண்ணே இன்னும் திறக்கல. இப்போதைக்குப் புழுவைப் போலத்தான் இருக்கா!"

"உன் வாயில மண்ணு!" என்று பேச்சி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

கீரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. குட்டி கண் திறப்பதற்கு முன்னே அத்தைக்காரி வந்துவிட வேண்டும். காதில் வாய் வைத்துப் பெயர் சொல்ல வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டுக் குட்டி கண் திறக்க வேண்டும். அத்தை வராமல் கண் திறந்துவிட்டால் அந்தக் குட்டிக்கு அத்தை வைத்த பெயர் இல்லை என்று ஆகிவிடும். அதைப் போலக் குறை கீரிகளுக்கு வேறு கிடையாது.

பேச்சி பெயரை அப்போதே முடிவு செய்துவிட்டாள். ஆவாரை! அண்ணனும் தங்கையும் வளர்ந்த செடியின் பெயர்.

"நான் வேணும்னா பறந்து போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?" என்றது காகம். "உனக்கும் அலைச்சல் மிச்சம்."

"பேர் என்ன கருவாடா, நீ கவ்விக்கிட்டுப் போய்ப் போடறதுக்கு? அத்தை வாயாலதான் சொல்லணும்! நீ வாயைத் திறந்தியோ, அப்புறம் என் வாசலுக்கு வந்துடாதே!"

நடந்து போனால் ஏற ஒரு பகல் ஆகும். இறங்க ராத்திரி ஆகிவிடும். அதுவரை குட்டிகள் பாலுக்கு என்ன செய்யும்? அதனால் பேச்சி நேரே பெருச்சாளியின் சைக்கிள் கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி! உச்சிக்குப் போகணும். சாயங்காலத்துக்குள்ள திரும்பணும். ஒரு சைக்கிள் கொடுங்க!"

பெருச்சாளி மூக்குத்தண்டில் கிரீஸோடு நிமிர்ந்து பார்த்தது. "உச்சிக்கா? நீயா? குளக்கரையைச் சுத்தி ஓட்டினவதானே நீ!"

"அண்ணன் மகளுக்குப் பேர் வைக்கணும் அண்ணாச்சி."

பெருச்சாளி உடனே உள்ளே போனது. இருப்பதில் லேசான சைக்கிளாகப் பார்த்து எடுத்தது. சங்கிலிக்கு எண்ணெய் விட்டது. சீட்டை அவள் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தது. "மேடு ஏறறதுக்கு ஒரே வித்தைதான். நல்லா தம் கட்டி மிதி! அவ்வளவுதான்!" என்றது.

ஏணிமலையில் எல்லாரும் சொல்வது இதுதான். யார் மேடு ஏறினாலும் வழியில் இருக்கிறவர்கள் சத்தம் போடுவார்கள். "தம் கட்டு! தம் கட்டு!" என்பார்கள். அது அந்த ஊர் வழக்கம்.

பேச்சி, மற்றவர்கள் சொன்னதை அப்படியே செய்கிற ஜாதி. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். வாயை இறுக்கி மூடினாள். கன்னம் இரண்டும் பூரி மாதிரி உப்பிக்கொண்டது. மிதித்தாள்!

முதல் மேட்டைக் கடந்துவிட்டாள். நடுவில் ஒருமுறை மூச்சை மாற்றிக்கொண்டு மறுபடியும் கட்டினாள். அடுத்து வந்தது கழுதை வளைவு. பொதி சுமந்து வரும் கழுதைகளே நின்று யோசிக்கிற வளைவு அது. கைப்பிடிச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தன.

"ஏ, கீரியக்கா வர்றாங்கடா! தம் கட்டுக்கா! தம் கட்டு!"

பேச்சி இன்னும் இறுக்கிக் கட்டினாள். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. சைக்கிள் இப்படி ஆடி, அப்படி ஆடி, புல்லில் சாய்ந்தது.

"போச்சுடா! அக்கா தூங்கிட்டாங்க!" என்றது ஒரு குரங்கு.

அவள் எழுந்து உட்கார்ந்தபோது உச்சி வெயில் அடித்தது. இனி மேலே போனால் குட்டிகளுக்குப் பால் கிடையாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். அன்று சாயங்காலமும் வெள்ளைப்பாறையில் சுண்டைக்காய் வந்து நின்றது. பேச்சி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாலை ஆட்டக்கூட மனசு வரவில்லை.

மறுநாளும் போனாள். "நேத்து சரியா தம் கட்டல. அதான் விழுந்துட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கிளம்புவதற்கு முன்பே பயிற்சி வேறு. அடுப்பங்கரையில் மூச்சுக் கட்டினாள், குட்டிகளைக் குளிப்பாட்டும்போது மூச்சுக் கட்டினாள்.

"அம்மா, ஏம்மா பேச மாட்டேங்கறே? யாரு மேல கோபம்?" என்று குட்டிகள் கேட்டன.

அவள் உப்பிய கன்னத்தோடு கையை மட்டும் ஆட்டினாள்.

இந்த முறை கழுதை வளைவுக்கே வந்து சேரவில்லை. அதற்குக் கீழேயே விழுந்தாள். முழங்கால் சிராய்த்தது.

பெருச்சாளி முன்சக்கரத்தை நிமிர்த்திக்கொண்டே சொன்னது: "விட்டுடு தங்கச்சி. சில பேருக்கு மேடு ஒத்துக்காது. எனக்கும்தான் ஒத்துக்காது. நான் மத்தவங்க சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுட்டுக் கீழேயே கிடக்கலியா?"

"உங்களுக்கு மேலே யாரு இருக்கா அண்ணாச்சி?"

பெருச்சாளி யோசித்துப் பார்த்தது. "யாரும் இல்ல" என்றது.

"எனக்கு இருக்காங்களே!"

அடுத்த நாள் விடிந்தும் விடியாமல் காகம் பதறிக்கொண்டு வந்தது.

"பேச்சி! குட்டிக்கு இடது கண்ணு கீறலாத் திறக்கப் பார்க்குது! உன் மதினி தன் வாலை வச்சு மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கா! 'என் நாத்தனார் வந்துடுவா, வந்துடுவா'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கா! ஆனா அந்தக் குட்டி வாலைப் பிடிச்சுக் கடிக்குது! ரொம்ப நேரம் தாங்காது!"

பேச்சி குட்டிகளுக்கு அவசரமாகப் பால் கொடுத்தாள். வீட்டுக்காரரை எழுப்பி, "இதுங்களைக் குளத்துப் பக்கம் விடாதீங்க!" என்றாள். ஓடினாள். சைக்கிளில் ஏறினாள். தம் கட்டினாள். மிதித்தாள்!

கழுதை வளைவு வந்தது. குரங்குகள் கடலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றன. இரண்டு நாளாக விழுகிறவளைப் பார்த்து அவற்றுக்கே பாவமாகிவிட்டது. இன்று கிண்டல் இல்லை, உண்மையாகவே கத்தின.

"அக்கா, தம் கட்டு! விட்டுடாதேக்கா! தம் கட்டு!"

கன்னம் உப்பியது. நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. கண்ணில் மறுபடியும் பூச்சி பறந்தது. விழப்போகிற நேரத்தில் பேச்சி தலையைத் தூக்கி உச்சியைப் பார்த்தாள்.

வெள்ளைப்பாறை இப்போது பெரிதாகத் தெரிந்தது. தன்னை எதிர்பார்த்து அண்ணன் அங்கே நிற்பான் என்று நினைத்திருந்தாள். ஆனால் அதன் மேல் யாரும் இல்லை.

'அண்ணன் எங்கே? வளைக்குள்ள ஓடிட்டானா? குட்டி கண்ணைத் திறந்துட்டாளா? என் பேரு இல்லாமலே திறந்துட்டாளா?'

அவளுக்கு அடக்க முடியவில்லை. இத்தனை சாயங்காலமும் விழுங்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வாய் வழியே உடைத்துக்கொண்டு வந்தது.

"ஆ... வா... ரை...!"

கட்டியிருந்த மூச்சு முழுவதும் அந்தப் பெயரோடு வெளியே போய்விட்டது. போன இடத்தில் புது மூச்சு தானாக வந்து நிறைந்தது. இட்லிப் பானை மூடியைத் திறந்ததும் குப்பென்று ஆவி போகுமே, அப்படி நெஞ்சு லேசாகிவிட்டது. கால் மிதியில் இறங்கியது. சைக்கிள் நகர்ந்தது!

பேச்சிக்கே ஆச்சரியம். இன்னொரு தடவை கூப்பிட்டாள். "ஆ!" என்று வலது காலை மிதித்தாள். "வா!" என்று இடது காலை மிதித்தாள். "ரை!" என்று முடித்து மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"என்னக்கா, தம் கட்டாமப் போறே?" என்று குரங்குகள் மலைத்துப் போய்க் கேட்டன.

பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. "ஆவாரை!" என்றாள்.

"என்ன சொல்றாங்க?"

"தெரியலடா. ஆனா நல்லாயிருக்கு!" என்று குரங்குகளும் சேர்ந்துகொண்டன. "ஆவாரை! ஆவாரை!"

கழுதை வளைவு கீழே போனது. மிளகுத் தோட்டத்து மேடு கீழே போனது. மரத்திலிருந்த மலை அணில் எட்டிப் பார்த்து, "யாரும்மா ஆவாரை? காணாமப் போயிட்டாளா?" என்று கேட்டது. "இல்ல! இப்பத்தான் வந்திருக்கா!" என்று கத்திக்கொண்டே பேச்சி போனாள். வேர்த்தது, முழங்கால் எரிந்தது, மேடு மேடாகவேதான் இருந்தது. ஆனால் பேச்சி விழவில்லை.

உச்சியில், வளை வாசலில் வேலாண்டி நின்றுகொண்டிருந்தான். கால், வால், மீசை எல்லாம் தெரிகிற அண்ணன். முகம் தெரிகிற அண்ணன். கொஞ்சம் இளைத்திருந்தான்.

"அண்ணா!" என்று சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். "கண்ணைத் திறந்துட்டாளா?"

"உள்ளே வா தங்கச்சி. நீயே பாரு."

மதினி வாலை இன்னும் எடுக்கவில்லை. வால் முடியில் பாதி குட்டியின் வாயில் இருந்தது. பேச்சி குனிந்தாள். குட்டியின் காதில் வாயை வைத்து, மிக மெதுவாக, "ஆவாரை" என்றாள்.

குட்டி திரும்பவே இல்லை. கடித்துக்கொண்டே இருந்தது.

பேச்சி பதறிப்போய் நிமிர்ந்தாள். "மதினி, இவளுக்குக் காது கேட்கலியா?"

மதினி சிரித்தாள். "கழுதை வளைவுல நீ கூப்பிட்டியே, அப்பவே தலையைத் திருப்பிட்டா! இவ்வளவு நேரமும் அந்தச் சத்தம் எங்கேன்னு தேடிக்கிட்டிருந்தா. இப்ப நீ குசுகுசுன்னா அவளுக்கு என்ன தெரியும்? மலையில கூப்பிட்ட மாதிரி கூப்பிடு!"

பேச்சி வாயை அகலத் திறந்தாள். "ஆவாரை!"

குட்டி வாலை விட்டது. தலையைத் தூக்கியது. இரண்டு கண்ணும் ஒன்றாகத் திறந்தன. முதலில் பார்த்தது அத்தையின் வேர்த்த முகத்தை.

பேச்சி அவளை வாரி எடுத்து அணைத்துக்கொண்டாள்.

பிறகு பேச்சி அண்ணனைக் கேட்டாள். "அண்ணா, சாயங்காலம் நான் வாலை ஆட்டறது உனக்குத் தெரியுமா?"

"குளக்கரையில ஏதோ ஆடும். நாணல்தான் ஆடுதோன்னு நெனப்பேன். கூப்பிடலாம்னு வரும். கீழே வரைக்கும் எங்கே கேட்கப் போகுதுன்னு விட்டுடுவேன்."

பேச்சி அவன் தோளில் ஒரு குத்து விட்டாள். "நாம ரெண்டு பேரும் ஒரே வளையில பிறந்ததுக்கு வேற அடையாளமே வேணாம்!"

சூரியன் சாயுமுன் அவள் கிளம்பினாள். குட்டிகளுக்குப் பால் நேரம். ஏறும்போது மூச்சு வாங்கியது என்றால், இறங்கும்போது மனசு கனத்தது. மிதிக்கவே வேண்டாம், சைக்கிள் தானாக அவளை அண்ணனிடமிருந்து தள்ளிக்கொண்டு போனது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கைப் பிடித்து, ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

பெருச்சாளி சைக்கிளை வாங்கிக்கொண்டு முழுக்கதையையும் கேட்டது. கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டது.

"அடப் பாவி! தம் கட்டுன்னா விடாம பலமா மிதின்னு அர்த்தம்! மூச்சையே நிறுத்துன்னா சொன்னோம்?"

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி!"

"இதைக்கூடவா விளக்கிச் சொல்லுவாங்க!"

அன்று சாயங்காலம் பேச்சி வாசலுக்கு வந்தாள். உச்சியில் வெள்ளைப்பாறை. அதன் மேல் ஒரு சுண்டைக்காய், பக்கத்தில் இன்னொரு சுண்டைக்காய், நடுவில் கடுகு மாதிரி ஏதோ ஒன்று. பார்த்ததும் சத்தம் வாய் வரைக்கும் வந்தது. இந்த முறை அவள் விழுங்கவில்லை.

"ஆவாரை!"

மேடெல்லாம் ஏறி அந்தச் சத்தம் போனது. கழுதை வளைவில் குரங்குகள் அதை வாங்கி இன்னும் மேலே அனுப்பின. பேச்சி மூச்சு விடாமல் காத்திருந்தாள். பிறகு நினைவு வந்து, மூச்சை விட்டாள்.

மேலேயிருந்து, நூல் மாதிரி மெலிசாக, ஒரு கீச்சுச் சத்தம் இறங்கி வந்தது.

மூச்சானாலும் ஏக்கமானாலும் நெஞ்சுக்குள் கட்டி வைத்தால் நம்மைக் கீழே தள்ளிவிடும். வாய் திறந்து கூப்பிட்டால் அதுவே நம்மை மேடு ஏற்றிவிடும்.