நாச்சாத்தா நடத்துன இடுப்புப் பந்தயம்

அட உக்காருங்கப்பா. பேசுறத நிறுத்திப்போட்டு உக்காருங்க. அந்தத் தூண்ல சாஞ்சு நிக்கிறவரே, ஒங்களத்தானுங்க, இடுப்ப ஒருபக்கம் தள்ளிப்போட்டு நிக்காதீங்க. கத முடியறதுக்குள்ள அது ஒங்க கதையாப் போயிரும். கால் மேல கால் போட்டவங்க எறக்கிக்குங்க. பொட்டுக்கடலைய அப்பறம் மெல்லலாம், சத்தம் கேக்குது.

மலையடிவாரத்து மடத்துல நாச்சாத்தான்னு ஒரு சிஷ்யை. வயசு அம்பதத் தாண்டிருச்சு. மடத்துச் சமையக்கட்டு அவ கையில. அடுப்பு அணைஞ்சாலும் வாய் அணையாது. அவளோட குரு வடிவம்மா, அவளவிடப் பத்து வயசு சின்னவங்க. நாலு பேர் கேள்வி கேட்டா ஒருத்தருக்குத்தான் பதில் வரும், அதுவும் அர வார்த்த. மிச்ச அர வார்த்தைக்காகத்தான் இந்த மடத்துலயே கெடக்குறேன்னு நாச்சாத்தா சொல்லிக்குவா.

கார்த்திகை தீபத்துக்கு நெய்க்குடம் தூக்குறது யாருன்னு சித்திரையிலயே சீட்டுக் குலுக்கிருவாங்க. குடத்தத் தலையில வெச்சா உச்சி மலையிலதான் எறக்கணும், நடுவுல எங்கியும் எறக்கக் கூடாது. வருசத்துக்கு ஒருத்தருக்குத்தான் அந்தப் பாக்கியம். வருசா வருசம் அடுத்தவங்க பேரக் கேட்டுப்போட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வருவா நாச்சாத்தா. அந்தச் சித்திரையில அவ பேரே வந்துச்சு. சமையக்கட்டுல ஒரு ஆட்டம் போட்டா பாருங்க, ரசம் பொங்கி அடுப்பு நனஞ்சதுகூடத் தெரியல.

ஆட்டம் நின்னதும் இடுப்பு ஞாபகம் வந்துச்சு.

ரொம்ப நாளா அந்த வலி. வலது இடுப்புக்கு வெளிப்பக்கம், எலும்பு துருத்துற எடத்துல. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. ரெண்டு படி ஏறுனா "ஆத்தா, ஆத்தா"ன்னு படிக்கொரு ஆத்தாளக் கூப்புடுவா. இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு உச்சி மலைக்கு எப்படி ஏறுறது?

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனா. டாக்டரம்மா நல்லாத் தொட்டுப் பார்த்துப்போட்டு, மூட்டு நல்லாத்தான் இருக்குது, எலும்போட ஒட்டுற தசைநார்தான் நொந்துபோயிருக்குது, கத்தி வெக்க வேண்டியதில்லன்னாங்க. மொதல்ல பயிற்சி, மெதுவாத்தான் கேக்கும், ஆனா நின்னு கேக்கும்னாங்க. ஊசி போட்டா வலி சட்டுனு எறங்கும், ஆனா ரொம்ப நாளைக்கு நிக்காதாம். பயிற்சிக்கும் கேக்கலீன்னா அதிர்வு குடுக்குற மெஷின் இருக்குதாம். நம்ம ரத்தத்தையே எடுத்துச் சுத்திகரிச்சு அங்கியே ஏத்துற வைத்தியமும் உண்டாம், அது எவ்வளவு தூரம் கேக்கும்னு இன்னும் அடிச்சுச் சொல்ல முடியாதாம். இதுல எது ஒசத்தின்னு இவ கேட்டதுக்கு, ஆளுக்கு ஆள் மாறும்னு சொல்லிப்போட்டு, படுக்க வெச்சு, சுவரோரம் நிக்க வெச்சுப் பயிற்சியும் சொல்லிக் குடுத்தாங்க. ஒத்தக் கால்ல பாரத்தப் போட்டு நிக்காதீங்க, படுக்கறப்ப ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல தலகாணி வெச்சுக்குங்கன்னு அனுப்பி வெச்சாங்க.

நாச்சாத்தா மடத்துக்கு வந்தா. மூக்கு நுனிக்குக் கண்ணாடிய எறக்குற மாதிரி விரல வெச்சுக்கிட்டு, "ஆளுக்கு ஆள் மாறும்ங்கம்மா"ன்னு டாக்டரம்மா கொரல்லயே இழுத்துக் காட்டுனா. மடமே சிரிச்சுது. வடிவம்மா மட்டும் கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

"சாமி, இத்தன வைத்தியத்துல எது ஒசத்தின்னு ஒரே வார்த்தையில சொல்லிப்போடுங்க. நாளைக்கே போய்ப் பண்ணிக்கறேன்."

"பண்ணுனவங்கள நடக்க வெச்சுப் பாருங்கக்கா."

அவ்வளவுதான். நாச்சாத்தாளுக்கு இது போதாதா? வைகாசியில ஒரு வெள்ளிக்கிழம, அதே வலிக்காரங்க எல்லாத்தையும் அடிவாரத்துல கொண்டாந்து நிறுத்திப்போட்டா. பாதி மலை மண்டபத்தத் தொட்டுட்டுத் திரும்பி வரணும், மொதல்ல வர்றவங்க வைத்தியந்தான் வைத்தியம்.

கோகிலம் ஊசிக் கட்சி. போன வாரந்தான் போட்டுட்டு வந்திருந்தா. குத்துனதே தெரியலீங்க, எறும்பு கடிச்சாப்புல இருந்துச்சுங்கன்னு கிளி மாதிரிக் கீச்சுக் கொரல்ல ஊரெல்லாம் சொல்லி முடிச்சிருந்தா. லாரி டிரைவர் நாட்ராயன் மெஷின் கட்சி. அவரு வாயத் தொறந்தாலே டக டக டக டகன்னு மெஷின் ஓட ஆரம்பிச்சுரும், பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் இடுப்பு அதிரும். தையக்காரி ராமாத்தா பயிற்சிக் கட்சி. யாரப் பார்த்தாலும் சுவரோரமா நிறுத்தி, இப்பிடி நில்லுங்க, இங்க அழுத்துங்கன்னு ஆரம்பிச்சுருவா, அவளுக்குப் பயந்தே ஊருல பாதிப் பேரு நடுரோட்டுல நடக்குறாங்க. ரத்தம் ஏத்திக்கிட்டவங்க ஊருக்குள்ள ஒருத்தரும் அகப்படல. மடத்துச் சுண்டல் வாசத்துக்கு வந்த வெள்ளிங்கிரி, தனக்கும் அதே வலிதானுங்க, ஆனா ஒண்ணும் பண்ணல, சும்மா இருக்கறதும் ஒரு வைத்தியந்தானுங்களேன்னு சொல்லிப்போட்டு வரிசையில சேந்துக்கிட்டான்.

நாச்சாத்தா முந்தானைய இழுத்துச் செருகி, இடுப்ப ஒருபக்கமா வளைச்சு நின்னு, போங்கன்னு கைய ஆட்டுனா.

கோகிலம் பறந்தா. மத்தவங்க மண்டபத்துக்குப் போய்ச் சேருறதுக்குள்ள அவ திரும்பி வந்து சுண்டலும் தின்னு முடிச்சுட்டா. ராமாத்தா கடைசி, மொனகிக்கிட்டே வந்தா. நாச்சாத்தா ஊசிதான் கெலிச்சுதுன்னு கத்திக்கிட்டே பஸ்ஸுக்குப் பையத் தூக்கிட்டா.

வாசப்படியில உக்காந்திருந்த வடிவம்மா, "ஆடி கழியட்டும். இன்னொருக்கா"ன்னாங்க.

குரு சொல்லு, தட்ட முடியுமா? பையக் கீழ வெச்சா. அதோட, நெசத்தச் சொன்னா, தீர்ப்புச் சொல்றது அவளுக்கு ருசிச்சுப்போச்சு. அடுத்த பந்தயத்துல யாரு முந்துவாங்கன்னு அரிசி களையறப்பவும் அதே பேச்சு, எல போடறப்பவும் அதே பேச்சு. மடத்துக்கு வர்றவங்கள எல்லாம் கோகிலம் மாதிரி நடந்து காட்டி, நாட்ராயன் மாதிரி நொண்டிக் காட்டி, வயிறு வலிக்கச் சிரிக்க வெச்சுத்தான் அனுப்புவா. ராமாத்தா ஒருநாள் அவளையும் சுவரோரமா நிறுத்தப் பார்த்தா.

"அட விடு அம்மிணி. கெலிக்கிறது எதுன்னு தெரியட்டும், அதையே பண்ணிக்கறேன்."

ஆடி கழிஞ்சுது. இந்தத் தடவ நாட்ராயன் டக டகன்னு மொதல்ல வந்து நின்னாரு. அவருக்கு மூச்சு வாங்கி முடியறதுக்குள்ள ராமாத்தாளும் வந்துட்டா. கோகிலம் பாதி வழியிலயே உக்காந்து, குத்துன ஊசியையும் குத்துனவங்களையும் கிளிக் கொரல்ல வைஞ்சுக்கிட்டு இருந்தா. மெஷின், மெஷின்னு நாச்சாத்தா ஊருக்கே கேக்குறாப்புல கூவிட்டா. வடிவம்மா ஐப்பசிக் கடைசியில ஒருக்கான்னு சொல்லிப்போட்டு உள்ள போயிட்டாங்க.

ஐப்பசிப் பந்தயத்துக்கு ஊரே கூடிருச்சு. பக்கத்து ஊருல இருந்து பஜ்ஜிக்காரர் தள்ளுவண்டியோட வந்துட்டாரு. ஊசிக்கு ஒரு கூட்டம், மெஷினுக்கு ஒரு கூட்டம், ஒருத்தருக்கொருத்தர் கிண்டல் பேசி வம்புக்கு இழுத்துக்கிட்டு நின்னாங்க. நாச்சாத்தாளுக்கு நிக்கவும் முடியல, உக்காரவும் முடியல. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. மடத்துல நெய்க்குடத்த வெளக்கி வெயில்ல கவுத்தாச்சு, தீபம் வாசல்ல வந்து நிக்குது. இன்னைக்கு உண்டு இல்லன்னு முடிவு பண்ணியே ஆகணும்.

ராமாத்தா கைய வீசிக்கிட்டு மொதல்ல வந்தா. வந்த வேகத்துல பஜ்ஜிக்காரரச் சுவரோரமா நிறுத்திட்டா. நாட்ராயன் சிரிச்சுக்கிட்டே ரெண்டாவதா வந்தாரு. அப்பறம் ரொம்ப நேரம் ஒருத்தரையும் காணல. கடைசியில ரெண்டு பேரு ஊர்க்கதை பேசிக்கிட்டு ஒண்ணா எறங்கி வந்தாங்க. ஒண்ணு கோகிலம். இன்னொண்ணு வெள்ளிங்கிரி. ரெண்டு பேருக்கும் ஒரே நொண்டல், வைகாசியில வெள்ளிங்கிரி நொண்டுனதுல பாதி.

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. நாச்சாத்தாளுக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ கோவம். கைப்பிடிச் சுவரப் புடிச்சு, படிக்கொரு ஆத்தாளக் கூப்புட்டு, மேல் படியில உக்காந்திருந்த வடிவம்மாகிட்டப் போய் நின்னா.

"என்னுங்க சாமி இது? வைகாசியில ஊசி கெலிச்சுது. ஆவணியில மெஷின் கெலிச்சுது. இன்னைக்குப் பயிற்சி கெலிச்சுது. ஊசி போட்டவளும் ஒண்ணும் பண்ணாதவனும் சோடி போட்டு வர்றாங்க. வெயில்லயும் மழையிலயும் நின்னு இவங்களப் பார்த்தே என்ற இடுப்பு இத்துப்போச்சு. வாரம் திரும்புனா தீபம், நான் குடம் தூக்கணும். இனியாச்சும் சொல்லுங்க, யாருங்க கெலிச்சது?"

கூட்டம் படிப் பக்கமா நெருங்கி வந்துச்சு. வடிவம்மா நகந்து, பக்கத்துல உக்கார எடம் விட்டாங்க.

"எல்லாஞ் சரிங்கக்கா. நீங்க எத்தனாவதா வந்தீங்க?"