மஞ்சள் வயரும் சிவப்பு வயரும்

"முதல் குற்றம், தண்ணீர்ப் பானைக்குப் பூட்டுப் போட்டது," என்றார் தவசிமுத்து. "வரிசையாத்தான் சொல்லுவேன் டீச்சர். மாத்திச் சொல்ல மாட்டேன்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"ரெண்டாவது, ஏன் பூட்டுனீங்கன்னு கேட்ட மூணு பேரைக் கழிவுப் பஞ்சு ரூமுக்கு மாத்துனது. மூணாவது, நாங்க வேலைநிறுத்தம் பண்ணுனதும், ஜன்னல்ல சாக்குக் கட்டின பஸ்ல வெளியூர் ஆளை ஏத்திக்கிட்டு வந்தது. நாலாவது, மில் கேட்டைச் சாத்திட்டு, உள்ள வச்சு பதினோரு பேரு பேரைப் பதிவேட்டுல சிவப்பு மையால அடிச்சது. என் பேருதான் மொதப் பேரு."

"அஞ்சாவது?"

"பன்னெண்டாவது ஆளு. அது வரைக்கும் எங்ககூட கேட்டுக்கு வெளிய நின்னவன். அன்னைக்குக் காலையில உள்ள போயிட்டான். எங்க பேரை அடிக்கும்போது மேனேஜர் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தான்."

"பேரு?"

"அதைச் சொல்றதில்ல. ஒன்பது வருசமாச்சு. சங்கத்துல தீர்மானமே போட்டிருக்கோம். நோட்டீஸ்ல 'ஒரு நபர்'னுதான் அச்சடிப்போம்."

அமலோற்பவம் டீச்சர் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்தார்.

"இதுல வண்டிக்கு என்ன கோளாறு அண்ணாச்சி?"

சீடருக்கு வயது அறுபத்து மூன்று. ஆசிரியைக்கு நாற்பத்தொன்று.

டீச்சர் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் பிரிவில் பன்னிரண்டு வருடம் ஒப்பந்த ஆசிரியையாக இருந்தவர். ஒரு நாள், ஒப்பந்தம் முடிந்தது என்று ஒரு வரியில் கடிதம் வந்தது. மறு வாரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கார் வயரிங் கடை போட்டார். டீச்சர் என்ற பெயரை மட்டும் யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை.

தவசிமுத்து துணிப்பையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தார். வண்டியில் மாட்டும் ப்ளூடூத் கிட். போனைக் கையால் தொடாமல் பேசலாம். ஒரு சின்னப் பெட்டி, ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், மூன்று வயர்.

"போனைக் காதுல வச்சு ஓட்டுனதுக்கு ரெண்டு தடவை போலீஸ் எழுதிட்டான். மூணாவது தடவை மாட்டுனா லைசென்ஸ் போயிரும். புதன்கிழமை மதுரை லேபர் கோர்ட்டுல கடைசி வாய்தா. ஆறு சாட்சியையும் நான்தான் கூட்டிட்டுப் போகணும். வக்கீல் வழியெல்லாம் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரு. பத்தரைக்கு அங்க நிக்கலைன்னா கேஸை மூடிருவாங்க."

"வச்சிட்டுப் போங்க. சாயங்காலம் மாட்டித் தர்றேன்."

"நான்தான் மாட்டணும். என் வண்டியில அடுத்தவங்க கை படக் கூடாது."

"ஏன்?"

"அஞ்சாவது குற்றம்."

டீச்சர் ஸ்டூலை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைகள் இரண்டையும் கட்டிக்கொண்டார்.

"சரி. நான் தொட மாட்டேன். பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு ஆரம்பிங்க."

அது சனிக்கிழமை.

*

"கறுப்பு வயர் வண்டியோட இரும்புல பிடிக்கணும்."

அவர் ஒரு போல்ட்டைப் பார்த்து முடுக்கினார்.

"அது பெயிண்ட் அண்ணாச்சி. இரும்பு தெரியுற வரைக்கும் சுரண்டுங்க."

சுரண்டுவதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை. ஒன்பது வருடமாகப் பழசைச் சுரண்டுவதுதான் வேலை.

"அடுத்து?"

"மஞ்சள் வயர் எப்பவும் பேட்டரியோட இருக்கணும். கிட்டுக்கு ஞாபகம் அதுலதான். சிவப்பு வயர் சாவியோட இருக்கணும். சாவி போட்டா முழிக்கும். எடுத்தா தூங்கும்."

தவசிமுத்து சட்டென்று நிமிர்ந்தார். தலை டேஷ்போர்டில் இடித்தது.

"சாவி போட்டாத்தான் முழிக்கணுமா?"

"ஆமா."

"முதலாளி பேச்சு பேசுறீங்களே டீச்சர். சங்கு ஊதினா முழிச்சு, சங்கு ஊதினா படுத்து, முப்பது வருசம் மில்லுல இருந்தாச்சு. என் வண்டியிலயும் அதுவா?"

மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி, இரண்டையும் பேட்டரியில் கட்டினார். கிட்டில் நீல விளக்கு எரிந்தது. சாவியை எடுத்தார். அப்போதும் எரிந்தது.

"பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார் டீச்சர்.

*

திங்கட்கிழமை காலை அவர் நடந்து வந்தார்.

"வண்டி செத்துப்போச்சு. பேட்டரியில சொட்டுக் கரண்ட் இல்ல. எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்த கிட்டுதான்."

"வண்டி எங்க நிக்குது?"

"வீட்டு வாசல்ல."

இரண்டு தெரு தள்ளி, பழைய எட்டு சீட் வேன், மணல் லாரி போன தூசியோடு நின்றது. டீச்சர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"தள்ளுங்க."

"நான் ஒருத்தனா?"

"அடுத்தவங்க கை படக் கூடாதுன்னீங்களே."

தவசிமுத்து கதவைத் திறந்து வைத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, தோளைக் கொடுத்துத் தள்ளினார். வண்டி நகர்ந்தது. டீச்சர் கூடவே நடந்தார். தெருமுனை வந்தது. தவசிமுத்துவுக்கு மூச்சு வாங்கியது. சட்டை முதுகோடு ஒட்டியது.

"மதுரை இன்னும் எவ்வளவு தூரம் அண்ணாச்சி?"

"எண்பத்தஞ்சு கிலோமீட்டர்."

"தள்ளுங்க."

அவர் பம்பரில் உட்கார்ந்துவிட்டார். எதிர்ப்பக்கம் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார். தவசிமுத்து சிரிக்கவில்லை. அவர் கடைசியாகச் சிரித்த வருடம் எது என்பது சங்கப் பதிவுகளிலும் இல்லை.

*

செவ்வாய்க்கிழமை காலை வண்டியோடு வந்தார். முகம் முந்தைய நாளைவிடக் கடுமையாக இருந்தது.

"பேட்டரிய சார்ஜ் போட்டு, ரெண்டு வயரையும் சாவியிலயே கட்டுனேன். நீங்க சொன்ன மாதிரி தூங்கட்டும்னு."

"தூங்குச்சா?"

"தூங்குச்சு. முழிச்சதும் எல்லாத்தையும் மறந்துட்டு முழிக்குது. ஏத்துன பேரு ஒண்ணுகூட இல்ல. என் போனையே யாருன்னு கேக்குது. மறக்குற சாமானை என் வண்டியில வச்சிருக்க மாட்டேன். கழட்டி எறியப் போறேன்."

கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

"கழட்டுங்க. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. சனிக்கிழமை எப்படிக் கட்டுனீங்க?"

"ரெண்டும் பேட்டரியில."

"நேத்து?"

"ரெண்டும் சாவியில."

"வயர் எத்தனை?"

"ரெண்டு."

டீச்சர் எழுந்து உள்ளே போய், வேறு ஒரு காரின் ஹாரனைப் பிரித்து வேலை பார்க்கத் தொடங்கினார்.

தவசிமுத்து நின்றார். பிறகு வண்டிக்குள் மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்தார். கால்கள் இரண்டும் வெளியே தெருவில் நீட்டிக்கொண்டிருந்தன. டீக்கடைக்காரர் ஒரு டீயைக் கொண்டுவந்து, கொடுக்க முகம் தெரியாமல், காலருகே வைத்துவிட்டுப் போனார். டீ ஆறியது.

வெளியே வந்தபோது மஞ்சள் வயர் பேட்டரியில் இருந்தது. சிவப்பு வயர் சாவியில் இருந்தது.

அவர் ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

*

போனிலிருந்த பேர்களைக் கிட்டில் மறுபடி ஏற்றிவிட்டுப் பரீட்சை செய்தார்கள். டீச்சர் தெருவின் அந்தப் பக்கம் போய்த் தன் போனிலிருந்து கூப்பிட்டார்.

"டீச்சர்," என்று கிட் வாசித்தது. ரேஷன் கடையில் கார்டுக்காரரைக் கூப்பிடுவதுபோல ஒரு பெண் குரல்.

தவசிமுத்து பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

"டீச்சர்! கேக்குதா?"

டீச்சர் போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தார்.

"போன் இல்லாமலே கேக்குது அண்ணாச்சி. அது மேடை மைக் இல்ல. எதுத்தாப்ல ஒரு ஆளுதான் இருக்கு. ஒரு ஆளுகிட்டப் பேசுற மாதிரிப் பேசுங்க."

அவர் இதுவரை சங்க மேடையில் எழுநூறு பேரிடம் பேசியிருக்கிறார். ஒரு ஆளிடம் பேசுவது சிரமமாக இருந்தது. மூன்றாவது முறை சரியாக வந்தது.

டீச்சர் சாலையைக் கடந்து திரும்பி வரும்போது கிட் மறுபடி வாசித்தது.

"ஐந்து."

தவசிமுத்து பொத்தானைத் தொடவில்லை.

"ஐந்து," என்றது கிட்.

"யாரு அண்ணாச்சி அஞ்சு?"

தவசிமுத்து ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டார்.

"அந்த ஒரு நபரா?"

"ஒரு வாரமா தினமும் கூப்பிடுறான். நான் கட் பண்ண மாட்டேன். எடுக்கவும் மாட்டேன்."

"எதுக்குக் கூப்பிடுறாரு?"

"சாட்சி சொல்ல வர்றானாம். நாங்களா வேலைய விட்டு நின்னுட்டோம்னு மில்லுக்காரன் கோர்ட்டுல சொல்றான். மத்த ஆறு பேரும் கேட்டுக்கு வெளிய நின்னவங்க. பேரை அடிச்சதைக் கண்ணால பாத்தவன் இவன் ஒருத்தன்தான். இவன் இல்லாம கேஸ் நிக்காதுன்னு வக்கீலும் சொல்றாரு."

"அந்த ஆறு பேருக்கும் இது தெரியுமா?"

"எதுக்குத் தெரியணும்?"

"ஐந்து," என்றது கிட்.

"இந்தப் பொம்பள வாசிக்குறதை நிறுத்த முடியாதா டீச்சர்?"

"நிறுத்தலாம். அப்புறம் வக்கீல் கூப்பிட்டாலும் சொல்லாது. அது போன்ல நீங்க எழுதி வச்சதைத்தான் வாசிக்குது அண்ணாச்சி. தானா ஒண்ணும் சொல்லலையே."

மணி ஓய்ந்தது.

தவசிமுத்து கையைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்கு என்ன தரணும்?"

"நான் ஒண்ணையும் தொடலையே."

"நான் யாருகிட்டயும் சும்மா வாங்குறவன் இல்ல. என்ன தரணும், சொல்லுங்க."

"அப்ப ஒரு பேரு குடுங்க."

அவர் சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

*

சங்கத்தில் ஒரு காலத்தில் எழுநூறு பேர். வேலை போனதோடு மிஞ்சியது பதினொருவர். அதில் மூவர் இப்போது சுவரில் படமாக இருக்கிறார்கள். ஒருவர் திருப்பூருக்குப் போய்விட்டார். மீதி ஏழு பேரில் தவசிமுத்து தவிர ஆறு பேரும் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வேனருகே நின்றார்கள்.

தவசிமுத்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து போனில் ஏதோ ஒற்றை விரலால் எழுதிக்கொண்டிருந்தார். எழுதுவார். அழிப்பார். மறுபடி எழுதுவார்.

"என்ன தோழர், இந்த வயசுல காதல் கடுதாசியா?" என்றாள் ஒச்சம்மா. ஸ்பின்னிங்கில் இருபத்தாறு வருடம் நின்றவள்.

"ஏறு."

ஆறு பேரும் ஏறினார்கள். ஓர் இருக்கை மிஞ்சியது. ஒச்சம்மா அதில் தன் தூக்குவாளியை வைத்தாள்.

சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது. கிட் கண் விழித்தது. யாரையும் அது மறந்திருக்கவில்லை.

கல்லுப்பட்டி தாண்டியதும் அது வாசித்தது.

"வக்கீல்."

தவசிமுத்து பச்சைப் பொத்தானை அழுத்தினார். வக்கீலின் குரல் வேன் முழுக்க நிறைந்தது.

"தோழர், நேத்தும் சொன்னேன், முந்தாநாளும் சொன்னேன். உள்ள நின்ன அந்த ஆளு வராம இன்னைக்கு நம்ம பக்கம் நிக்காது. அவரு திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறாரு. வரத் தயாரா இருக்காரு. ஆனா நீங்க அவரு போனை எடுத்தாத்தான் உங்க வண்டியில ஏறுவாராம். இப்பக் கூப்பிடுவாரு. எடுங்க தோழர். பதினோரு குடும்பம்."

குரல் அறுந்தது.

ஒரு வாரமாக இந்தச் சேதி ஒரே காதுக்குள் இருந்தது. இப்போது அதை ஏழு பேர் கேட்டுவிட்டார்கள்.

பின் இருக்கையிலிருந்து சீனிராஜ் கேட்டார். வண்டி ஏறியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நேத்தும் சொன்னாரா?"

"ஆமா."

"முந்தாநாளும்?"

"ஆமா."

"எங்ககிட்ட ஏன் தோழர் சொல்லல?"

ஒரு லாரி கடந்துபோகும்வரை தவசிமுத்து காத்திருந்தார். கியரை மாற்றினார். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை.

"அது ஆறாவது குற்றம்," என்றார். "வரிசையில எழுதிக்க. என்னோடது."



"எழுதுறதை அப்புறம் எழுதலாம்," என்றாள் ஒச்சம்மா. "திருமங்கலம் போக எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி நேரம்."

மணி அடித்தது.

தவசிமுத்து விரலைப் பச்சைப் பொத்தான்மேல் வைத்தார். அழுத்தவில்லை.

"எடுங்க தோழர்!"

"இரு. முதல்ல வாசிக்கட்டும்."

ஒன்பது வருடத்துக்கு முன் பேர் சொல்வதில்லை என்ற தீர்மானத்துக்குக் கை தூக்கிய ஆறு பேரும் முன்னால் சாய்ந்தார்கள். ஒச்சம்மா பக்கத்து இருக்கையிலிருந்த தூக்குவாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எல்லோருக்கும் கேட்கும்படி கிட் வாசித்தது.

"பால்வண்ணன்."