கேன்டீன் ரசத்துக்கு ஐந்து

தண்டபாணி இருமினால் நூற்பாலையில் நாலு கதிரில் நூல் அறுந்துபோகும் என்பார்கள். இரண்டு கதிர்தான் என்று சாதிப்பவர்களும் உண்டு.

பெர்சனல் மேனேஜராக இருபத்தைந்து வருஷம் ஓட்டியவருக்கு, ஐம்பத்திரண்டாம் வயதில் டாக்டர் பட்டத்தின் மேல் ஆசை வந்தது. தலைப்பு, 'தொழிலாளர் மனநிறைவு'. வழிகாட்டி பேராசிரியை நிலோபர், அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

தன் ஆலையிலேயே முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து வாங்கியிருந்தார். ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போட வேண்டும். எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஐந்து. கேன்டீன் ரசத்துக்குக்கூட ஐந்து. ஒரே ஒருத்தர் நாலு போட்டார். அவரும் மறுநாள் ஷிப்டுக்கு முன்னால் வந்து நின்று, கை தவறிவிட்டது என்று வேறு தாள் வாங்கி ஐந்தாக்கிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைக்குள் நிலோபர் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் வாங்கும். இல்லாவிட்டால் பதிவே ரத்து. எந்தப் புள்ளியியல் முறையில் போட்டாலும், எல்லாம் ஒரே எண்ணாக இருப்பதால் கம்ப்யூட்டர் விடை தர மாட்டேன் என்கிறது, எது சரியான முறை என்று நிலோபரின் அறைக்கே வந்து கேட்டார் தண்டபாணி.

நிலோபர் தாள்களைப் புரட்டினார். ஒவ்வொன்றின் மூலையிலும் தொழிலாளியின் டோக்கன் எண். இது எதற்கு என்றார். யார் கொடுத்தது, யார் கொடுக்காதது என்று தெரிய வேண்டாமா என்றார் இவர்.

நிலோபர் ஒரு வெள்ளைத்தாளில் நாலு கேள்வி எழுதி நீட்டினார்.

"உங்க வழிகாட்டி எப்படி? மதிப்பெண் போடுங்க சார். மூலையில உங்க பேரையும் எழுதிடுங்க."

தண்டபாணி சிரித்துக்கொண்டே போட்டார். நாலுக்கும் ஐந்து.

மூன்றாவது கேள்வியில் விரல் வைத்தார் நிலோபர். 'அத்தியாயங்களை உடனுக்குடன் படித்துத் தருகிறார்.'

"நாலாம் அத்தியாயம் கொடுத்து எத்தனை மாசமாச்சு?"

"ஏழு மாசம் மேடம்."

"படிச்சேனா?"

அலமாரி மேல் அது உறை பிரிக்காமலே கிடந்தது.

"அது என் வெட்கம். இது?" என்று அவர் போட்ட ஐந்துகளைத் தட்டினார் நிலோபர்.

தண்டபாணிக்குக் காது மடல் சுட்டது. கேன்டீன் ரசத்தை அவர் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. வீட்டு டிபன் கேரியர்தான். கை தவறிவிட்டது என்று நின்றவரின் முகம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அதை மரியாதை என்று நினைத்திருந்தார்.

"அப்ப இந்த முந்நூத்திப் பன்னெண்டும் வீணா மேடம்?"

"வீணில்லை சார். நீங்க மில்லைப் பத்திக் கேட்டீங்க. அவங்க உங்களைப் பத்திச் சொல்லியிருக்காங்க."

தண்டபாணிக்கு இருமல் வந்தது. அடக்கிக்கொண்டார்.