தலை குனிந்தாலும் குனியாத கண்

ஆடும் ஓநாயும் வாய்விட்டுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், ஆட்டின் கண் தலை போன பக்கமெல்லாம் போகும். மேயக் குனிந்தால் மண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதனால் மந்தையில் ஒரு முறை இருந்தது. எல்லோரும் மேயும்போது ஓர் ஆடு பாறைமேல் நின்று காவல் காக்கும். காவல் முடியும்வரை அதன் வாயில் ஓர் இலைகூடப் படக்கூடாது.

அன்றைக்குச் செவலையின் முறை. அவள் அக்கா சுட்டி, தன் குட்டியைப் பாறையடியில் படுக்கவைத்து, "பார்த்துக்கோடி, பிறந்து மூணு நாள்தான் ஆகுது" என்றாள்.

"நீ நிம்மதியா மேயிக்கா, நான் இருக்கேன்ல."

இருந்தாள்தான். பாழாய்ப்போன வயிறு இருக்க விட்டதா? காற்றில் நாலு வேலங்காய் பாறைமேல் உதிர்ந்தன. எந்த ஆட்டுக்குத்தான் வாய் ஊறாது? ஒரே ஒரு வாய் என்று குனிந்தாள். நாலையும் தின்று நிமிர்ந்தபோது குட்டியைக் காணோம். ஓநாயின் வால் புதருக்குள் மறைந்துகொண்டிருந்தது.

சுட்டி அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "குனிஞ்சியாடி?"

"சத்தியமா இல்லக்கா. கண் மூடித் திறக்கிறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டான்."

சுட்டி நம்பிவிட்டாள். தங்கை மேலேயே சாய்ந்து அழுதாள். செவலைக்கு உடம்பெல்லாம் கூசியது.

வெயில் ஏறியதும் மந்தை நிழலில் படுத்து அசைபோட்டது. செவலை வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள். அசை என்ன, கேட்டுக்கொண்டா வரும்? தின்றது தானாக மேலே வந்தது, தாடை தானாக ஆடியது, வேலங்காய் வாசம் குப்பென்று அடித்தது. காவல் நின்ற ஆட்டுக்கு அசைபோட என்ன இருக்கிறது? மொத்த மந்தையும் திரும்பிப் பார்த்தது.

சுட்டி திட்டவில்லை. "எத்தனை காய்டி?" என்று கேட்டாள்.

"நாலுக்கா."

செவலைக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. நெற்றியை மண்ணில் வைத்து அழுதாள். "பூமித்தாயே, இனிமே என் கண்ணை என்னை நம்பி விடாதே. என்னைக் கேக்காம வாய் அசைபோட்டுச்சுல்ல, அதே மாதிரி என்னைக் கேக்காம கண்ணும் காவல் காக்கட்டும். நான் எப்படிக் குனிஞ்சாலும் அது உனக்கு மட்டமாவே நிக்கட்டும்."

"சரி," என்றது பூமி. "ஆனா வெக்கத்துல குனிஞ்சாலும் அது குனியாது. பரவாயில்லையா?"

"பரவாயில்ல தாயே."

பூமி அவள் கருமணியைத் தரைக்கு மட்டமாக ஒரு கோடாகக் கிடத்தியது. செவலை தலையைத் தொங்கப்போட்டாள். கண் சுழன்று மட்டமாக நின்றது. எதிரே சுட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கச் செவலையால் முடியவில்லை.

அன்று சுழன்ற கண்தான். இன்றைக்கும் ஆடு எவ்வளவு குனிந்து மேய்ந்தாலும் கண்ணிலுள்ள அந்தக் கோடு அதைக் கேட்காமலே சுழன்று தரைக்கு மட்டமாக நிற்கிறது, தலையைத் தொங்கப்போட்டு ஒளிந்துகொள்ள அதற்கு வழியே இல்லை.