அந்தப்புரம் போன நாற்காலிகள்

ஸ்பெயின் போய்வந்த பண்டிதர் அம்பலவாணர் ஜமீன் அரண்மனைக்கு விருந்தாளியாக வந்து, வேலைக்காரன் சடையாண்டியைப் படாதபாடு படுத்தினார்.

"ஸ்பானிஷ் மொழியில் எல்லாப் பொருளும் ஆண் அல்லது பெண். நாற்காலி, மேசை, கட்டில், சாப்பாடு எல்லாம் பெண். தரை ஆண். சாயங்காலத்துக்குள் என் அறையில் ஆண் பெண் பிரித்து வை. தவறினால் ஜமீன்தாரிடம் சொல்லி உன் சீட்டைக் கிழித்துவிடுவேன்."

"நாற்காலி ஒண்ணுக்கு மேல இருந்தா என்னங்க?"

"அப்போதும் பெண்தான். வாலில் ஒரு 'ஸ்' ஒட்டும், அவ்வளவுதான்."

சாயங்காலம் ஜமீன்தாரோடு வந்த பண்டிதர் திகைத்து நின்றார். அறை காலி.

"எல்லாம் எங்கேடா?"

"அந்தப்புரத்துலங்க. ஆம்பிளை விருந்தாளி அறையில பொம்பளைங்க இருக்கக் கூடாதுங்கிறது அரண்மனை வழக்கம்."

"வழக்கம் வழக்கம்தான்," என்றார் ஜமீன்தார், மீசைக்குள் சிரித்தபடி.

"அப்போ நான் எதில் படுப்பது?"

"தரையிலங்க. அது ஆண்னு ஐயாதானே சொன்னீங்க."