மன்னனுக்கு விஷம் வைத்தது யார்?

முன்னொரு காலத்தில் வாகைப்பாடி நாட்டை இளமாறன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். ஆண்டான் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. விடிந்ததும் ஒரு கிண்ணம், சபை கலைந்ததும் ஒரு குடம் என்று வருஷக்கணக்கில் குடித்ததில், செங்கோலை நேராகப் பிடிக்கவே அவனுக்குக் கை நடுங்கியது. கண் மஞ்சளாகிவிட்டது. வயிறு ஊதிவிட்டது. தூக்கம் போய், பின்னாலேயே ஞாபகமும் போயிற்று.

ஒருநாள் சபையில் கத்தினான்: "யாரோ எனக்கு மெல்லக் கொல்லும் விஷம் வைக்கிறார்கள்!"

மதுச்சாலை அதிகாரி கோளரிநாதர் இதற்காகவே காத்திருந்தவர். "வேறு யார் மன்னா? சமையற்காரன் சடையன்தான். காலையில் மது வேண்டாம், கஞ்சி குடியுங்கள் என்று தங்களுக்கே புத்தி சொன்னவன் ஆயிற்றே!"

"கட்டுங்கள் அவனை! நாளைக்கே தலையை எடுங்கள்!"

சடையன் கதறினான். அமைச்சர் அம்பலவாணர் எழுந்தார். "எடுத்த தலையைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது மன்னா. தங்களுக்கு முன் ருசி பார்க்க இரண்டு பேரை வைப்பது நம் அரண்மனை வழக்கம். சோற்றுக்கு ஒருவர், மதுவுக்கு ஒருவர். தங்களுக்கு எவ்வளவோ, அவர்களுக்கும் அவ்வளவு. விஷம் எதில் இருந்தாலும் அவர்கள் உடம்பே காட்டிக்கொடுக்குமே?"

கோளரிநாதருக்கு வியர்த்தது. "மது ருசி பார்ப்பவனுக்கு இன்று உடம்பு சரியில்லை..." என்று இழுத்தார்.

"உங்கள் மைத்துனர் காளத்திதானே ஐயா? பல்லக்கு அனுப்பிவிட்டேன்."

சோறு ருசி பார்க்கும் குப்பாண்டி கன்னம் பளபளக்க வந்து நின்றான். காளத்தியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள்.

"உனக்கு என்னப்பா?" என்று கேட்டான் மன்னன்.

"காலையில ஒரு வாய் ஊத்தினாத்தான் கை நிக்குது சாமி. கண்ணை மூடினா தூக்கம் இல்ல. எதுக்கெடுத்தாலும் கோபம், இல்லேன்னா அழுகை. பெத்த பிள்ளை பேரு நாக்குல வர மாட்டேங்குது. இப்ப என் பெண்டாட்டியே சோத்துல விஷம் வைக்கிறாளோன்னு..."

மன்னன் தன் கையைப் பார்த்தான். பிறகு சடையனைப் பார்த்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. "அவனை அவிழ்த்துவிடுங்கள்" என்றான்.

கோளரிநாதர் குறுக்கே பாய்ந்தார். "மன்னா, காளத்திக்குப் பிறவியிலேயே நோஞ்சான் உடம்பு. மதுவின் மேல் குற்றமே இல்லை!"

"நல்லது. நாளை முதல் அவன் வேலையை நீர் பாரும்."

"ஐயையோ! நான் பிள்ளைகுட்டிக்காரன் மன்னா. தினமும் அவ்வளவு குடித்தால் என் ஈரல் என்னத்துக்கு ஆகும்?"

சபை கொல்லென்று சிரித்தது. மன்னன் சிரிக்கவில்லை. "என் ஈரலைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒருமுறையாவது சொன்னீரா?" என்று கேட்டான்.

கோளரிநாதரின் பதவி அன்றே போயிற்று. அமைச்சருக்கு முத்துமாலை கிடைத்தது. அரண்மனை வைத்தியர்தான் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். "ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரும் மன்னா. என் கண் பார்வையில் படிப்படியாகக் குறைப்போம். கெட்ட ஈரல் முழுசாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். மிச்சத்தைக் காப்பாற்றலாம்."

"மிச்சம் போதும்" என்றான் இளமாறன். "காளத்திக்கும் என் பக்கத்திலேயே ஒரு கட்டில் போடுங்கள்."